கொழுப்புக் கலயம்: வடசென்னை அடுக்களை வரலாற்றில் எழுதப்படாத ஓர் ஏடு

மலர்க்குழுவினர் நம்மிடம் கேட்டது வடசென்னையில் ஆதிதிராவிடர் கல்வி வளர்ந்த வரலாறு. அதனை எழுதத் தகுதியுடைய பெரியோர் வேறு சிலர் இம்மலரில் எழுதுகின்றனர் என்று அறிந்தபின், நாம் வேறொரு பொருளை எடுத்துக்கொள்ள இசைவு வேண்டினோம். குழுவினர் பொருளைக் கேட்டுச் சிறிது நேரம் பேசாதிருந்தனர். பின்னர், "எழுதுங்கள், ஆனால் பார்த்து எழுதுங்கள்" என்றனர். பார்த்தே எழுதுகின்றோம்.

இப்பொருள் நம் உள்ளத்தில் எழுந்தது வகுப்பறையில்தான். சில ஆண்டுகளுக்கு முன் ஏழாம் வகுப்பு மாணவர்க்கு 'எங்கள் வீட்டுச் சமையல்' என்னும் தலைப்பில் கட்டுரை எழுதப் பணித்தோம். வந்த கட்டுரைகள் அனைத்திலும் இட்டலியும் சாம்பாரும் நெய்ப்பொங்கலுமே மணந்தன. தெருமுனையில் மாட்டுக்கறிப் பக்கோடாக் கடை வைத்திருப்பவரின் மகனும் வெண்பொங்கலைப் பற்றியே ஒரு பக்கம் எழுதியிருந்தான். அவனைக் கடிந்துகொள்ள நமக்கு வாய் வரவில்லை. அவ்வயதில் நாமும் அவ்வாறே எழுதியவர். நம் வீட்டு அடுக்களையில், உறியில், துணியால் வேடு கட்டிய மண்கலயம் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. அதனைப் பற்றி ஒரு வரியும் நாம் எழுதியதில்லை.

அக்கலயத்தில் இருந்தது உருக்கி வடித்த மாட்டுக்கொழுப்பு. ஆட்டுக்கொழுப்பு கிடைத்த நாளில் அதுவும் இருக்கும். இராயபுரம், தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என நீளும் இந்தக் கடலோரத் தொழிற்பகுதியில் உழைத்துப் பிழைத்த பல குடும்பங்களுக்கு அதுவே தாளிக்கும் எண்ணெயாகவும் பொரிக்கும் நெய்யாகவும் இருந்தது. அதன் வரலாறே இக்கட்டுரை.

முதற்கண் சொல்லை நோக்குவோம். இன்று 'நெய்' என்றால் பசுநெய்யே நினைவுக்கு வருகின்றது. பழந்தமிழில் அச்சொல்லுக்கு அத்தகைய குறுகிய பொருள் இல்லை. எள்ளிலிருந்து எடுத்த நெய் எண்ணெய். வெண்மையான நெய் வெண்ணெய். மீனிலிருந்து எடுத்ததும் நெய்யே. பொருநராற்றுப்படையில் ஒரு செய்தி வருகின்றது: தேனையும் கிழங்கையும் கொண்டுவந்து தந்தோர், அவற்றுக்கு மாற்றாக மீன்நெய்யையும் நறவையும் பெற்றுச் செல்கின்றனர். விலங்கின் கொழுப்புக்கு 'நிணம்' என்று தனிச்சொல்லே இருந்தது. நிணம் மிக்க ஊனைப் புலவரும் பாணரும் மன்னர் மனையில் உண்டு மகிழ்ந்ததைச் சங்கப் பாடல்கள் நாணமின்றிப் பேசுகின்றன. வள்ளலின் விருந்தில் பெருமைக்குரியதாயிருந்த நிணம் எப்போது இழிவுக்குரியதாயிற்று என்பது நம் நாட்டுச் சாதி வரலாற்றோடு பிணைந்த கேள்வி. அண்ணல் அம்பேத்கர் 1948-இல் வெளியிட்ட 'தீண்டப்படாதோர்' என்னும் ஆய்வு நூலில் மாட்டிறைச்சி உண்ணுதலையும் தீண்டாமையின் தோற்றத்தையும் இணைத்துக் காட்டியிருக்கின்றார். அதனைப் படித்தவர்க்கு நாம் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

இனி நம் பகுதிக்கு வருவோம். வடசென்னையின் பழைய வரலாற்றை இரண்டு தொட்டிகளைக் கொண்டே சொல்லிவிடலாம் என்பது நம் எண்ணம். ஒன்று கஞ்சித்தொட்டி, மற்றொன்று ஆட்டுத்தொட்டி.

கஞ்சித்தொட்டி பிறந்தது பஞ்சத்தில். 1782-இல் பஞ்சத்தால் நகருக்குள் வந்து குவிந்த ஏழைகளுக்குக் கஞ்சி வார்க்க இராயபுரத்தருகே மணியக்காரர் சத்திரம் அமைந்தது. அதனை ஒட்டி வளர்ந்ததே இன்றைய ஸ்டான்லி மருத்துவமனை. முதியோர் இன்றும் அதனைக் 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்றே சொல்லுவர். பின்னர் 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாதுவருடப் பஞ்சம் வந்தது. செங்கற்பட்டு, வட ஆர்க்காடு, நெல்லூர்ப் பகுதிகளிலிருந்து மக்கள் நகரை நோக்கி வந்தனர். பஞ்சநிவாரண வேலையாகவே அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் கால்வாய்ப் பகுதி 1877-78-இல் வெட்டப்பட்டது. பக்கிங்காம் கால்வாய் என இன்று நாம் அழைப்பதன் ஒரு பகுதி அது. அந்நாளில் ரிச்சர்டு டெம்பிள் என்னும் அதிகாரி விதித்த கூலி யாதெனின், ஆடவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சில்லறைச் செலவுக்குச் சிறு காசும். ஒரு பவுண்டு என்பது சுமார் 450 கிராம். மண் வெட்டுவோர்க்கு இது போதாது என்று மாகாணச் சுகாதார ஆணையராயிருந்த மருத்துவர் கார்னிஷ் வன்மையாக மறுத்துரைத்தார். வெறும் தானியத்தைக் கொண்டு உழைக்கும் உடலை நிறுத்த முடியாது என்பதை நம் முன்னோர் எந்த அறிக்கையையும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. மாவுப்பொருள் ஒரு கிராம் 4 கலோரி வெப்பம் தரும். கொழுப்பு ஒரு கிராம் 9 கலோரி தரும். கூழில் ஒரு கரண்டி நெய் விழுந்தால் நண்பகல் வரை பசி தாங்கும் என்பதே அவர்கள் அறிந்த கணக்கு.

ஆட்டுத்தொட்டி என்பது மாநகராட்சியின் இறைச்சிக்கூடம். புளியந்தோப்பு, பெரம்பூர்ப் பகுதியில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கக் காலத்திலிருந்து அஃது இயங்கிவந்திருக்கின்றது. ஆடு, மாடு இரண்டும் அங்கே அறுக்கப்பட்டு, அதிகாரிகளின் சோதனைக்கும் முத்திரைக்கும் பின் கடைகளுக்குச் செல்லும். இம்முத்திரையைச் சாதாரணமாக எண்ணிவிடலாகாது. நம் கட்டுரையின் உயிர்நிலை அதில்தான் இருக்கின்றது.

ஏனெனின், ஊரில் நம் முன்னோர்க்குக் கிடைத்த இறைச்சி பெரும்பாலும் செத்த மாட்டின் இறைச்சி. பண்ணையாரின் தொழுவத்தில் மாடு இறந்தால் அதனை இழுத்துச்சென்று அப்புறப்படுத்துவது அவர்கள்மேல் சுமத்தப்பட்ட கடமை. அதற்குக் கூலி கிடையாது, இறைச்சியே கூலி. தோலுக்கும் பல இடங்களில் உரிமையில்லை. பசி அவர்களை உண்ணச் செய்தது. உண்டதைக் காட்டியே ஊர் அவர்களை ஒதுக்கியது. 1927 மார்ச்சில் மகாத் மாநாட்டில் செத்த மாட்டிறைச்சியைக் கைவிடுங்கள் என்று அண்ணல் அம்பேத்கர் தம் மக்களைக் கேட்டுக்கொண்டதன் பொருள் இதுவே. தமிழகத்திலும் நம் சமூகப் பெரியோர் பலர் அவ்வாறே மேடைதோறும் பேசினர். அவர்கள் எதிர்த்தது கடமை என்ற பெயரில் திணிக்கப்பட்ட இழிவை.

நகரத்திலோ நிலைமை மாறிற்று. 1856-இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் இரயில் ஓடியது. 1875-இல் துறைமுகத்திற்கு அடிக்கல் நாட்டப்பட்டது. கட்டி முடிக்கும் தறுவாயில் 1881-இன் புயல் அதனைச் சிதைக்க, மீண்டும் கட்டினர். பெரம்பூரில் பக்கிங்காம் ஆலையும் கர்னாடிக் ஆலையும் எழுந்தன. தீக்குச்சித் தொழிற்சாலை, மோட்டார் வண்டித் தொழிற்சாலைகள், உப்பளங்கள் எனத் திருவொற்றியூரும் எண்ணூரும் பின்னர் வளர்ந்தன. இவ்விடங்களிலெல்லாம் மூட்டை சுமந்தும் நிலக்கரி அள்ளியும் தோல் கட்டியும் கூலி பெற்ற நம் மக்கள், அக்கூலியில் காசு கொடுத்து, முத்திரை குத்திய இறைச்சியைக் கடையில் வாங்கினர். செத்தது வேறு, வாங்கியது வேறு. ஒன்று பண்ணையார் தள்ளியது. மற்றொன்று தம் பணத்தில் தாம் தெரிந்தெடுத்தது. ஒரு துண்டு கொழுப்புக்காகக் கடைக்காரரிடம் பேரம் பேசும் உரிமை ஒரு தலைமுறைக்கு முன் அவர்களுக்கு இருந்ததில்லை. சீர்திருத்தம் பேசிய நம்மவர் சிலர் இவ்விரண்டையும் வேறுபடுத்திப் பாராமல் கலயத்தையும் சேர்த்தே கண்டித்தனர் என்பது நம் கருத்து. இதில் நம்மோடு மாறுபடுவோர் இம்மலர்க்குழுவிலேயே உளர்.

கறியைவிடக் கொழுப்பு மலிவு. கறி வாங்கும்போது கொசுறாகக் கேட்டு வாங்குவதும் உண்டு. கறிக்கடையில் நிற்கும் பெண்டிர்க்கு எந்தக் கொழுப்பு எதற்கு ஆகும் என்பது நன்கு தெரியும். குண்டிக்காயைச் சுற்றி வெள்ளை வெளேரெனக் கட்டியாக இருக்கும் கொழுப்பே முதல் தரம், கையில் பிசைந்தால் உதிரும், உருக்கினால் மிகுதியான நெய் காணும், நெடுநாள் கெடாது. குடலைச் சுற்றிய வலைக்கொழுப்பு இரண்டாந்தரம்; அதற்கு வாடை மிகுதி. கறியோடு ஒட்டிய மஞ்சட்கொழுப்பைக் குழம்பில் போட்டுவிடுவர்; உருக்குவதில்லை.

உருக்கும் முறையை நாம் நம் பாட்டியாரிடம் கண்டவாறே எழுதுகின்றோம். வடசென்னை வழக்கப்படி அவரை 'ஆயா' என்றே அழைப்போம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வாங்கிய கொழுப்பை மஞ்சள் கலந்த நீரில் இருமுறை அலசி, சவ்வையும் இரத்தக்கட்டையும் நீக்கி, சுண்டுவிரல் நுனியளவு துண்டுகளாக அரிவார். துண்டு பெரிதாயின் உள்ளே உருகுமுன் வெளியே கருகிவிடும். அகன்ற மண்சட்டியில் அத்துண்டுகளைப் போட்டு, ஓர் ஆழாக்கு நீரும் வார்ப்பார். கொழுப்பில் நீர் எதற்கு என்று நாம் கேட்டதுண்டு. முதலில் உருகிவரும் நெய் அடிச்சட்டியில் நேரே பட்டுக் கருகாதிருக்க நீர் காவல் நிற்கின்றது. கொழுப்பு உருகி முடியுந்தறுவாயில் அந்நீர் ஆவியாகிப் போய்விடும். இதனை நாம் பின்னாளில் அறிவியல் பாடத்தில் கற்றோம். அவர் அடுக்களையில் கற்றார்.

அடுப்பு மரத்தூள் அடுப்பு. மரம் அறுக்கும் பட்டறைகளிலிருந்து தூள் மலிவாகக் கிடைத்த காலம் அது. தகரத்தில் நடுவே கட்டையை நிறுத்திச் சுற்றிலும் தூளை இடித்து நிரப்பி, கட்டையை உருவிவிட்டுப் பற்றவைத்தால், மணிக்கணக்கில் ஒரே சீராக அனல் தரும். கொழுப்பு உருக்க இதனினும் ஏற்ற அடுப்பை நாம் கண்டதில்லை. விறகடுப்பில் தீ எழும்பித் தணியும், நெய் கருகும்.

சட்டி முதலில் 'சளசள' என ஓசையிடும். அது நீரின் ஓசை. பாட்டியார் அங்கே நில்லாமல் வேறு வேலை பார்ப்பார். காது மட்டும் சட்டியிலேயே இருக்கும். ஓசை மெல்லத் தணிந்து, நுரை அடங்கி, துண்டுகள் பொன்னிறமாகச் சுருங்கும் வேளையில் ஓடிவருவார். ஒரு கொத்து முருங்கைக்கீரையும் நான்கு பல் பூண்டும் போடுவார். கீரை மொறுமொறுவென ஆகிவிட்டால் நீர் அறவே போயிற்று என்று பொருள். உடனே சட்டியை இறக்கிவிட வேண்டும். ஒரு நிமிடம் தாழ்ந்தாலும் நெய் பழுப்பேறிக் கசக்கும். இளஞ்சூட்டில் பழைய வேட்டித் துணியில் வடிகட்டி, வெயிலில் காயவைத்த கலயத்தில் ஊற்றுவார். ஆறும்வரை மூடலாகாது, மூடினால் ஆவி வேர்த்து நீராக உள்ளே சொட்டும். ஆறியபின் துணியால் வேடு கட்டி உறியில் ஏற்றுவார். துணியில் தங்கிய சக்கையில் உப்பும் மிளகாய்த்தூளும் தூவினால் பிள்ளைகளுக்கு அன்று திருவிழா.

கலயத்துக்கு வைத்த விதிகள் சிலவே, ஆனால் மீறலாகாதவை. ஈரக்கை படலாகாது. கரண்டி மரக்கரண்டியாயிருக்க வேண்டும். பித்தளைப் பாத்திரம் ஆகாது. வெளிச்சம் படுமிடத்தில் வைக்கலாகாது. இவற்றை மூடநம்பிக்கை என நாம் இளமையில் எண்ணியதுண்டு. கொழுப்பு கெடுவதற்குக் காரணங்கள் காற்றிலுள்ள ஆக்சிஜனும் ஒளியும் வெப்பமும் ஈரமும். செம்பும் செம்பு கலந்த பித்தளையும் அக்கேட்டை விரைவுபடுத்தும். எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர் இவை அத்தனையையும் விதிகளாக வகுத்து வைத்திருந்தார். மாட்டுக்கொழுப்பில் ஏறக்குறையப் பாதி நிறைகொழுப்பு. ஆகவே அது பிற எண்ணெய்களைவிடச் சிக்கு வாடை எளிதில் கொள்வதில்லை. உருகுநிலை 40 முதல் 50 பாகை வரை. சென்னையின் கத்திரி வெயிலிலும் கலயத்தின் மேற்பரப்பு இளகுமேயன்றி முழுதும் உருகி ஓடாது.

இனி மறுபயன். பொரித்த நெய்யைப் பாட்டியார் முதற்கலயத்தில் திரும்ப ஊற்றவே மாட்டார். அதற்கெனச் சிறியதொரு சட்டி உண்டு. 'பழசு' என்று அதற்குப் பெயர். கறி பொரித்த நெய்யைத் தெளியவைத்து, அடியில் தங்கிய மசாலாவையும் துணுக்கையும் விட்டுவிட்டு, மேல்நெய்யை மட்டும் வடித்து அதில் ஊற்றுவார். மசாலாத் துணுக்குகள் நெய்யில் கிடந்தால் அடுத்த சூட்டில் கருகி, நெய் முழுதையும் கெடுத்துவிடும். நெய்யில் கறுப்பேறிவிட்டால் கொதிநீரை ஊற்றிக் கலக்கி ஆறவைப்பார். மறுநாள் நீரின்மேல் நெய் அடையாகக் கட்டி நிற்கும். எடுத்துத் திருப்பி, அடியிற் படிந்த அழுக்கைக் கத்தியால் சுரண்டிவிட்டு, மீண்டும் சூடேற்றி ஈரம் போக்கிச் சட்டியில் சேர்ப்பார். இப்பழசு குழம்பு தாளிக்கவும் உப்புக்கண்டம் வறுக்கவும் ஆகும். மீனோ கருவாடோ பொரித்த நெய் எதனோடும் சேராது. அது விளக்குக்கும் பித்தவெடிப்புக்கும் போகும். காசிமேட்டுக்கு அருகிலேயே வாழ்ந்து மீன் மிகுதியாக உண்ட குடும்பத்தில் இக்கட்டுப்பாடு எளிதன்று.

நீர் ஊற்றித் தெளிவிக்கும் அம்முறையை அவர் எங்கே கற்றார் என்பது வரலாற்றுக் கேள்வி. ஆங்கில நாட்டில் பீட்டன் அம்மையார் 1861-இல் வெளியிட்ட புகழ்பெற்ற இல்லநூலில், வாட்டிய இறைச்சியிலிருந்து வடிந்த கொழுப்பைத் தெளிவிக்கும் முறை சொல்லப்பட்டிருக்கின்றது. அங்கே அதற்கு 'டிரிப்பிங்' என்று பெயர். ஆங்கிலேயத் தொழிலாளர் அதனை ரொட்டியில் தடவி உண்டனர். சென்னையில் துரைமார் வீட்டுக் குசினிகளில் சமையற்காரராகவும் பட்லராகவும் பணியாற்றியோரில் ஆதிதிராவிடர் மிகுதி. மாட்டிறைச்சியைத் தொட்டுச் சமைக்கப் பிறர் முன்வராததே அதற்கு முதற்காரணம். 1878-இல் சென்னையில் வெளிவந்த ஆங்கிலச் சமையல் நூலொன்றில், 'வைவர்ன்' என்னும் புனைபெயர் கொண்ட கென்னி-ஹெர்பர்ட் என்னும் படை அதிகாரி, சென்னைச் சமையற்காரர் எல்லாரையும் 'ராமசாமி' என்ற ஒரே பெயரால் சுட்டி, அவர்க்குக் கற்பிக்க வேண்டியவற்றை வரிசையாக எழுதுகின்றார். ராமசாமி துரைக்கு எதைக் கற்றுக்கொடுத்தார் என்பதை எழுதுவாரில்லை. குசினியில் கற்றதும் சேரியில் முன்பே அறிந்ததும் கலந்து உருவானதே நம் பாட்டியாரின் முறை என்று நாம் கொள்ளுகின்றோம். இராயபுரத்திலும் பெரம்பூரிலும் வாழ்ந்த ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்களின் அண்டையும் இதற்குத் துணைசெய்திருக்கும்.

உலகின் பிற மக்களும் இதனைச் செய்தவரே. வட அமெரிக்கப் பழங்குடியினர் உலர்த்திய இறைச்சியை இடித்து, உருக்கிய கொழுப்போடு பிசைந்து 'பெமிக்கன்' என்னும் உணவாக்கினர். அது மாதக்கணக்கில் கெடாது. பிரெஞ்சு நாட்டார் வாத்திறைச்சியை அதன் கொழுப்பிலேயே வேகவைத்து, அக்கொழுப்பிலேயே மூழ்கடித்துச் சேமிப்பர். இன்று அது பெருவிடுதிகளின் உயர்விலைப் பண்டம். மராத்திய நாட்டில் சாகு பட்டோளே என்பவர் தலித் அடுக்களையைப் பற்றி 2015-இல் மராத்தியில் ஒரு முழு நூலே எழுதினார். அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு 2024-இல் வந்தது. தமிழிலும் அத்தகைய பெருநூல் ஒன்று வரவேண்டும் என்பது நம் ஆசை.

கொழுப்பு அடுக்களையோடு நின்றுவிடவில்லை. சோப்புக்கும் மெழுகுவத்திக்கும் அதுவே மூலப்பொருள். நீராவி இரயிலின் தொடக்கக் காலத்தில் சக்கர அச்சுக்கு இட்ட மசகிலும் அது கலந்திருந்தது. நெசவாலைகளில் பாவுநூலுக்குக் கஞ்சி போடும்போது, நூல் மிருதுவாக இருக்கக் கொழுப்பைச் சேர்ப்பது வழக்கம். அத்துணியை உடுத்திக் கோயிலுக்குச் சென்றோரை எவரும் தடுத்ததில்லை. 1857-இல் தோட்டாவில் தடவிய கொழுப்பு ஒரு பெருங்கிளர்ச்சிக்கே தீ மூட்டியதைப் பாடநூலில் படிக்கின்றோம். அதே பொருள் மற்றொருவர் வீட்டில் உணவாயிருந்தது என்பதைப் பாடநூல் சொல்வதில்லை.

இந்நிலையில் 1983-ஆம் ஆண்டு வந்தது. 1937 முதல் இந்தியச் சந்தையில் விற்றுவந்த டால்டாவும் அதனையொத்த பிற வனஸ்பதிகளும் அதற்குள் வீட்டுக்கு வீடு புகுந்துவிட்டன. தாவர எண்ணெயை ஹைட்ரஜன் ஏற்றி, நெய்போலக் கட்டியாக்கிய பொருள் வனஸ்பதி. வெளிநாட்டிலிருந்து இறக்குமதியான மாட்டுக்கொழுப்பை வணிகர் சிலர் வனஸ்பதியில் கலந்து விற்றனர் என்ற செய்தி அவ்வாண்டு நாடெங்கும் பரவிற்று. நாடாளுமன்றம் கொதித்தது, சமயத் தலைவர்கள் கண்டித்தனர், கொழுப்பு இறக்குமதிக்கு அரசு தடை விதித்தது. வாங்குவோரை ஏமாற்றிக் கலப்படம் செய்தது பெருங்குற்றமே. அதில் ஐயமில்லை.

அப்போது நாம் ஏழாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தோம். பள்ளியின் பெயர் ஈண்டு வேண்டா. மதிய உணவுக்கு வீட்டிலிருந்து கொண்டுசெல்லும் தூக்குச்சட்டியில் குழம்புச்சோறு இருக்கும். கொழுப்புநெய்யில் ஆக்கிய உணவைச் சூடாக உண்ண வேண்டும். ஆறினால் வெள்ளையாக உறைந்துவிடும், உதட்டில் மெழுகுபோல் ஒட்டும். உறைந்த வெண்மையைக் கண்ட உடன்மாணவன் ஒருவன், செய்தித்தாளில் படித்ததை நினைவில் வைத்து உரக்கக் கூவினான். ஆசிரியர் ஒருவர் வந்து பார்த்தார். அடித்தாரில்லை, வையவுமில்லை. இனி வராந்தாவின் கோடியில் அமர்ந்து உண்ணுமாறு மட்டும் சொன்னார். அவ்வாண்டு முழுதும் அங்கேயே உண்டோம்.

வீட்டுக்கு வந்து பாட்டியாரிடம் எரிந்து விழுந்தோம். அவர் நிதானமாகக் கேட்டார்:

"பேப்பர்ல இன்னாடா கண்ணு போட்டுக்கீறான்?"

"டால்டாவுல மாட்டுக் கொழுப்ப கலந்துட்டாங்களாம் ஆயா."

அவர் சிரித்துவிட்டார். "அத்த கலந்ததுக்கா இம்மாஞ் சத்தம்? நம்ம கொழுப்புல எவனும் டால்டாவ கலக்காம இருந்தா சரி."

அச்சிரிப்பு அன்று நமக்கு விளங்கவில்லை. நம் தாயார் கலயத்தை உறியிலிருந்து இறக்கி, பழைய டால்டா டப்பா ஒன்றில் நெய்யை மாற்றி வைத்தார். வருவோர் போவோர் கண்டால் டால்டா என்றே எண்ணிக்கொள்வர் அல்லவா? ஊரார் டால்டாவுக்குள் கொழுப்பு இருக்குமோ என்று அஞ்சிக்கொண்டிருந்த அதே நாள்களில், நம் வீட்டில் கொழுப்பு டால்டாவின் பெயரில் ஒளிந்துகொண்டிருந்தது. டப்பாவின் மூடி தளர்ந்திருந்ததால் காற்றுப் புகுந்து, அம்முறை நெய் விரைவில் காறலடித்தது. பாட்டியார் அதனைக் கொட்டியபோது முகஞ்சுளித்தாரேயன்றி மருமகளை ஒன்றும் சொல்லவில்லை.

அதன்பின் கலயம் மறைந்ததற்குக் காரணம் நாணம் ஒன்றே என்று சொல்வது உண்மையாகாது. நியாயவிலைக் கடைகளில் பாமாயில் வந்தது. 2007 முதல் தமிழக அரசு அதனைச் சிறப்புப் பொதுவிநியோகத் திட்டத்தில் மலிவு விலைக்கு வழங்கிவருகின்றது. மரத்தூள் அடுப்பு போய் எரிவாயு அடுப்பு வந்தது. மூன்று மணி நேரம் கொழுப்பு உருக்க எவர்க்கும் மனம் வராது. நூறு கிலோ மூட்டையை முதுகில் சுமந்த துறைமுகத்தில் கன்டெய்னர்களைப் பாரந்தூக்கிகள் தூக்குகின்றன. உழைப்பின் வகை மாறியபோது உணவும் மாறியது. இருதயநோய் பற்றிய எச்சரிக்கையும் உண்டு. நாற்காலியில் அமர்ந்து பணியாற்றும் நாம், மூட்டை சுமந்த நம் தாத்தா உண்ட அளவு நிறைகொழுப்பை உண்டால் மருத்துவர் கடிந்துகொள்வார், கடிவது சரியே. ஆகவே கலயத்தை மீண்டும் உறியில் ஏற்றுங்கள் என்று நாம் எவர்க்கும் சொல்ல முன்வரவில்லை. பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் கேட்டைத் தடுக்க 2018-இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஓர் அளவை விதித்தது: சிதைவால் உண்டாகும் முனைவுச் சேர்மங்கள் நூற்றுக்கு 25 பங்கைத் தாண்டினால் அவ்வெண்ணெயை விலக்க வேண்டும். கடைகளில் இதனை அளக்கக் கருவி வேண்டும். நம் பாட்டியார் நிறத்தையும் நுரையையும் மணத்தையும் கொண்டு அளந்தார்.

வேடிக்கை யாதெனின், அமெரிக்க நாட்டின் புகழ்பெற்ற மெக்டொனால்டு உணவகங்கள் 1990 வரை உருளைக்கிழங்கு வறுவலை மாட்டுக்கொழுப்பில்தான் பொரித்தன. மருத்துவர்களும் பொதுமக்களும் எதிர்க்கவே தாவர எண்ணெய்க்கு மாறின. இப்போது அந்நாட்டில் ஒரு சாரார், பழைய கொழுப்பே நல்லது என்று கூறி அழகிய புட்டிகளில் அடைத்து உயர்ந்த விலைக்கு விற்கின்றனர். அதனைக் கைபேசியில் நமக்குக் காட்டிய முன்னாள் மாணவர், "சார், இது நம்ம வீட்டுல இருந்ததுதானே?" என்று கேட்டார். ஆம் என்றோம். அந்த 'ஆம்' என்ற சொல்லை வாய்விட்டுச் சொல்ல நமக்கு ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் ஆயின.

நம் சங்கத்தின் வெள்ளி விழாவையொட்டிப் பழம்பொருட்காட்சி ஒன்று அமைக்கப்பட்டதை அன்பர்கள் அறிவர். அரிக்கேன் விளக்கு, துறைமுகத் தொழிலாளர் அணிந்த பித்தளை வில்லை, மாலைப் பாடசாலையின் முதற்பலகை முதலியவற்றோடு, கொருக்குப்பேட்டையிலிருந்து மூதாட்டி ஒருவர் கறுத்த மண்கலயம் ஒன்றைக் கொண்டுவந்து தந்தார். தம் பெயரை எழுதலாகாது என்றார். கலயத்தின் பெயரைக் கேட்டோம்.

"நெய்ச்சட்டின்னு எழுதிக்கோ தம்பி."

"இன்னா நெய் ஆயா?"

அவர் நம்மை ஏற இறங்கப் பார்த்தார். "உனக்குத் தெரியாதா?" என்றார்.

அட்டையில் எவ்வாறு எழுதுவது என்று குழுவினர்க்குள் அன்று மாலை நெடுநேரம் பேச்சு நடந்தது. 'நெய்ச்சட்டி' என்று மட்டும் எழுதினால் அந்த அம்மையாரின் விருப்பம் நிறைவேறும் என்றார் ஒருவர். மாணவர் வந்து பார்க்கும் இடம், உள்ளதை எழுத வேண்டும் என்றார் மற்றொருவர். முடிவில், பழந்தமிழில் நெய் என்பது எல்லாக் கொழுப்புக்கும் பொது என்று நாம் எடுத்துச் சொல்ல, 'மாட்டுக்கொழுப்பு நெய்ச்சட்டி' என்று எழுத இசைந்தனர். காட்சி நடந்த மூன்று நாளும் அட்டை அவ்வாறே இருந்தது. மூன்றாம் நாள் மாலை அம்மையார் தம் பேத்தியோடு வந்தார். பேத்தி கல்லூரியில் படிப்பவள். அட்டையை உரக்கப் படித்துக் காட்டினாள். அவர் ஒன்றும் சொல்லவில்லை. கலயத்தை முந்தானையால் துடைத்து இடுப்பில் ஏந்திக்கொண்டு புறப்பட்டவர், வாயிலருகே நின்று திரும்பி, அந்த அட்டையையும் தருமாறு கேட்டு வாங்கிச் சென்றார்.